அக்கா கேட்ட ஒரு அடி

அக்கா,

வில்லியனூர் பைபாஸ் ஓரத்துப் பழைய இரும்புக்கடைக்காரன் இன்று காலையில் ஒரு பைபர் போட்டின் முன்பக்கத்தை அறுத்துப் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தான். கல்லூரிக்குப் போகிற வழி. வண்டியை நிறுத்திவிட்டேன். கறுப்புப் புகை ரோட்டைக் கடந்து கரும்புக் கொல்லைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ரெசின் எரிகிற அந்த நாற்றம் உனக்குத் தெரியும். தொண்டையில் கசப்பாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த வேளை சோற்றிலும் அதுதான் வரும்.

"இன்னா சார், போட்டு வேணுமா?" என்று கடைக்காரன் சிரித்தான்.

"எந்த ஊர் போட்டு இது?"

"யாருக்கு சார் தெரியும்? வெயிட்டுக்கு வாங்கனது."

ரோட்டோரத்தில் இதை எரிக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்று அவனோடு சண்டை போட்டேன். போலீசுக்குச் சொல்வேன் என்றேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குச் சொல்வேன் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். புகை இன்னும் அதிகமானது. முதல் வகுப்புக்கு நான் போகவில்லை. பையன்களுக்குத் தேவையும் அளிப்பும் நடத்த வேண்டிய நேரத்தில் வண்டிமேல் உட்கார்ந்து உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் நீ போனாய். அதற்குப் பிறகு உன்னை நினைத்து நான் அழவில்லை. செல்விக்கு அதில் வருத்தம். "அம்மாவுக்கு நீ ஒருத்தன்தான மாமா கூடப் பொறந்தவன்" என்றாள். உன்மேல் எனக்கு இருந்த கோபம் அழுகைக்கு வழி விடவில்லை. அந்தக் கோபம் அந்தக் கரையில், அந்தப் புகையில் தொடங்கியது. அதனால் இந்தக் கடிதத்தையும் அங்கேதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

செல்வி சின்னக் குழந்தையாக இருந்த நேரம் அது. நம் குப்பம் அப்போது சுருக்குமடி வலைக்குத் தடை போட்டிருந்தது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியில் கயிற்றை இழுத்து, பை மாதிரி வாயைச் சுருக்கிவிடுகிற வலை அது. குஞ்சும் மிஞ்சாது. தெற்குக் குப்பம் தடை போட மறுத்தது. கூடிக் கூடிப் பேசினார்கள், அதிகாரிகள் வந்து போனார்கள், இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரும் சேர்ந்து டீ குடித்தார்கள். அதற்கப்புறம் கடலில் முகம் பார்க்கும்போதெல்லாம் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார்கள்.

மாமாவின் போட்டில் என்ஜின் செத்துப்போயிருந்தது. உன் புருஷன், என் மாமா, சும்மா உட்காரத் தெரியாத மனிதர். தெற்குக் குப்பத்துச் சுருக்குமடிக்குக் கூலிக்குப் போனார். கடலூர்ப் பக்கம் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் கடலில் ஒளிய இடம் ஏது? மறு வாரமே நம் ஊர்ப் போட்டு ஒன்று பார்த்துவிட்டது. பஞ்சாயத்து கூடி உன் வீட்டைக் கட்டுப்பாட்டில் வைத்தது. யாரும் உங்களோடு பேசக் கூடாது. கொடுக்கல் வாங்கல் கூடாது. உங்கள் போட்டைத் தள்ள யாரும் தோள் கொடுக்கக் கூடாது.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நீ ஏலத்தில் நின்றுகொண்டிருந்தாய். மணலில் சங்கரா மீனைக் குவித்து ஏலக்காரர் கூவிக்கொண்டிருந்தார். நீ விலை கேட்டாய். அவர் கண் உன்னைத் தாண்டிப் போனது. நீ இன்னும் ஏற்றிக் கேட்டாய். உன்னைவிடக் குறைத்துக் கேட்டவளுக்குக் குவியல் போனது.

"காதுல மணலு பூந்துகிச்சாடா உனக்கு?" என்று கத்தினாய்.

ஒருத்தர் முகத்திலும் அசைவில்லை. சிரித்தால் அதுவும் பேச்சில் சேர்த்தி என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். நீ வெறும் அன்னக்கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்து போனாய். அப்படியே பஸ் ஏறிக் கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து, அங்கிருந்து கரையாம்புத்தூர், மடுகரை என்று தெருத் தெருவாக விற்றுவிட்டு வந்தாய். மடுகரையில் ஒரு பண்ணைக்கார அம்மா, "இன்னா மீன்காரம்மா, உன் மீனு இப்பல்லாம் பழைய மாதிரி இல்லியே" என்றாளாம். "மீனு அதேதாம்மா, ஊருதான் கெட்டுப்போச்சி" என்றாயாம். அதைச் சொல்லி நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சாயத்தார் ஒவ்வொருவரையும் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும்போல் இருந்தது. மாமா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

சண்டை நடந்தது ஒரு விடுமுறை நாளில். அதனால்தான் நான் அங்கே இருந்தேன். காலை வெயில் ஏறியிருந்தது. தெற்குக் குப்பத்துப் போட்டுகள் முகத்துவாரத்துக்கு நேராக வந்து வலையை வளைத்தன. நம் கரையிலிருந்து பார்த்தால் ஆள் அடையாளம் தெரிகிற தூரம். வேண்டுமென்றே அங்கே வந்து போட்டார்கள். சங்கை ஊதியதும் நம் ஊர் ஆண்கள் எல்லோரும் ஓடினார்கள். மூங்கில் கழி, துடுப்பு, சாக்கில் கல், பாட்டிலில் பெட்ரோல் எல்லாம் போட்டில் ஏறின. பெண்டாட்டிகள் கரையில் நின்று, "வுடாதீங்கடா, வலய அறுங்கடா" என்று கத்தினார்கள். நீ மட்டும் தனியாக, கட்டுப்பாட்டில் இருப்பவளாக, எல்லோருக்கும் தள்ளி நின்றாய். உன் புருஷன் அந்தப் பக்கத்துப் போட்டில் இருந்தார்.

நான் அதுவரை புத்தகத்தில்தான் கலவரம் படித்திருந்தேன். ஒரு போட்டு இன்னொரு போட்டின் விலாவில் ஏறுகிற சத்தம் பெரிய மரம் முறிகிற மாதிரி இருக்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. கல் மழையாகப் போனது. நம் ஊர்ப் பையன் ஒருத்தன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரல் சந்தில் ரத்தம் வழிந்தது. தெற்குக் குப்பத்து ஆள் ஒருவனின் கையை இரண்டு போட்டுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கினார்கள். அவன் போட்ட சத்தம் கரைவரைக்கும் வந்தது. பெட்ரோல் பாட்டில் ஒன்று ஒரு போட்டில் விழுந்து குப்பென்று பிடித்தது. ஆட்கள் தண்ணீரில் குதித்தார்கள். அந்தக் கறுப்புப் புகை, அந்த நாற்றம். இன்று காலையில் ரோட்டில் நான் மூச்சில் இழுத்தது அதுதான்.

மாமா இருந்த போட்டு கவிழ்ந்தது. அவர் நீந்தினார். நம் ஊர்ப் போட்டுதான் பக்கத்தில் இருந்தது. அதை நோக்கி வந்து விளிம்பைப் பிடித்தார். அவர் பிடித்ததை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். "புடிச்சிட்டாரு, புடிச்சிட்டாரு" என்று என் கையைக் கிள்ளினாய். போட்டில் நின்றுகொண்டிருந்தவன் ஏழுமலை. உன் வீட்டுக்கு மூன்றாவது வீடு. உன்னை யக்கா என்று கூப்பிட்டு, மாமாவோடு உட்கார்ந்து உன் கையால் சாப்பிட்டவன். அவன் கழியை இரண்டு கையாலும் தூக்கி மாமா தலையில் போட்டான்.

விளிம்பில் இருந்த கை நழுவியது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் யாருக்குச் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். ஏழுமலையின் அண்ணன், அதே போட்டில் என்ஜினைப் பிடித்துக்கொண்டிருந்தவன், அடித்தொண்டையில் அலறினான்.

"தண்ணியில கெடக்கறவனடா! தண்ணியில கெடக்கறவன அடிச்சிட்டியேடா பாவி!"

பக்கத்துப் போட்டு அதைத் திருப்பிக் கத்தியது. அடுத்தது, அதற்கடுத்தது என்று அந்தக் கத்தல் வரிசையாகப் போனது. கல் நின்றது. கழிகள் இறங்கின. எதிரிப் போட்டுகளும் நம் போட்டுகளும் அப்படியே கலந்து, வட்டமாக நின்று, தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தன. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தவர்கள் ஒருவர் கயிற்றை ஒருவர் பிடித்துக்கொண்டு முங்கினார்கள். எரிந்துகொண்டிருந்த போட்டைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அது தானாக எரிந்து மூழ்கியது.

நம் கடற்கரையில் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்காத சட்டம் அது. போட்டில் நிற்கிறவரை அவன் எதிரி. அடிக்கலாம், வெட்டலாம். தண்ணீரில் விழுந்துவிட்டால் தூக்க வேண்டும். அவன் எந்த ஊர், யார் வீடு, கட்டுப்பாட்டில் இருக்கிறவனா என்று பார்க்கக் கூடாது. இன்றைக்கு அவனை விட்டால் நாளைக்கு உன்னை யார் தூக்குவார்கள்? தொழிலே அதை நம்பித்தான் நடக்கிறது. ஏழுமலை அந்தச் சட்டத்தை உடைத்துவிட்டான். தண்ணீரில் கிடந்தது யாரென்று தெரியவில்லை, முகமெல்லாம் ரத்தம், ஏறி அடிக்க வருகிறான் என்று நினைத்தேன் என்பது பிற்பாடு அவன் சொன்னது. எனக்கு அதில் ஒரு எழுத்திலும் நம்பிக்கையில்லை. உன் சோற்றைத் தின்றவனுக்கு உன் புருஷன் முகம் தெரியாதா?

மறுநாள் மத்தியானம் தெற்குக் குப்பத்துப் போட்டுதான் மாமாவைக் கண்டுபிடித்து நம் கரைக்குக் கொண்டுவந்தது. இரண்டு ஊரும் கரையில் நின்றது. யாரும் அறிவிக்காமலே கட்டுப்பாடு விலகிவிட்டது. அதுவரை உன் முகத்தைப் பார்க்காத பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு உன்னைக் கட்டிக்கொள்ள வந்தார்கள். முதலில் வந்தவள் ஏலக்காரரின் பெண்டாட்டி. நீ அவளை அறைந்தாய். அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து வரைக்கும் ஊமையா இருந்தியேடி. இன்னைக்கி யாரு வந்து உனக்கு வாயத் தொறந்து வுட்டா?"

அவள் எழுந்தாள். திரும்பவும் உன்னைக் கட்டிக்கொண்டாள். நீ திரும்பவும் அடித்தாய். முதுகில், தோளில், கை போன இடமெல்லாம் அடித்தாய். அவள் விடவில்லை. கடைசியில் அடிக்க முடியாமல் அவள்மேலேயே சாய்ந்துவிட்டாய். நான் அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தப் பெண்ணை உன்னிடமிருந்து பிய்த்துத் தூர எறிய வேண்டும்போல் இருந்தது.

போலீஸ் வந்தது. நான் புகார் எழுதிக் கையில் வைத்திருந்தேன். நம் குடும்பத்தில் படித்தவன் ஒருத்தன் இருப்பது இதற்காவது உதவட்டும் என்று நினைத்தேன். பெயர், இடம், கழி, பார்த்தவர்கள், ஒன்றும் விடவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் உன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். வெளியே ஊரே நின்றது.

"எப்படிம்மா செத்தாரு?"

"அலை அடிச்சிது. போட்டு கவுந்துச்சி."

"யாராவது அடிச்சாங்களா?"

"நான் பாக்கல சார்."

நான் முன்னால் போய், "அக்கா, நீ என் பக்கத்துலதான நின்னே!" என்று கத்தினேன். நீ என் கையிலிருந்த புகாரை வாங்கி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாய். போலீஸ் போனதும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாய்.

"இன்னாடா செய்யப் போற? கோர்ட்டுக்கு இழுக்கப் போறியா?"

"கொல பண்ணியிருக்கான்."

"தெரியும். உன்ன விட எனக்குத் தெரியும். கேசு போட்டா அவன் பேரு மட்டும் வராது. கடலுக்குப் போன அத்தினி பேரு பேரும் வரும். போட்டு எல்லாம் சீலு வெப்பானுங்க. ஆம்பளைங்க ஓடி ஒளிவானுங்க. கரையில மீனு எறங்காது. நான் இன்னாத்த வித்து செல்விய வளக்கறது? நீ நடத்தற பாடத்தயா?"

"அப்ப அவன சும்மா வுட்டுடறதா?"

"யாருடா சும்மா வுடறா? எனக்கு நாயம் இங்க வேணும். இந்த மணல்ல. என் கண்ணு முன்னால."

இதற்குப் பெயர் நியாயமில்லை, பயம் என்றேன். நீ என்னையும் அறைந்தாய். உனக்கு அன்றைக்குக் கை ஓயவில்லை.

கருமகாரியம் முடிந்து, கங்கையம்மன் கோயில் முன்னால் இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் கூடியது. ஏழுமலை நடுவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒரு மனிதன் செத்துப்போனதைப் பற்றி அங்கே பேசியது கொஞ்சம்தான். சண்டை என்றால் சாவு வரும் என்பதுபோல் பேசினார்கள். தண்ணீரில் கிடந்தவனை அடித்ததைப் பற்றித்தான் பேச்சு முழுவதும். தெற்குக் குப்பத்துத் தலைவர், "இனிமே எங்க ஆளு தவறி வுழுந்தா உங்க போட்டப் பாத்து நீந்துவானா? இல்ல உங்களப் பாத்து பயந்து முழுவுவானா? அத சொல்லுங்க மொதல்ல" என்று கேட்டபோது நம் ஊர்க்காரர்கள் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். கொலைக்கு வெட்கப்படாதவர்கள் அதற்கு வெட்கப்பட்டார்கள். அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை. புரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

பெண்கள் பஞ்சாயத்தில் உட்காருவதில்லை. நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாய்.

"ஊரு தண்டம் போடுதும்மா. சபையில வுழுந்து கும்புடுவான். ஒத்துக்கிறியா?" என்று நம் ஊர்த் தலைவர் கேட்டார்.

"தண்டத்த நீங்களே வெச்சிக்குங்க. அவன் வுழுந்து எழுந்தா அவன் துணியில மணலு ஒட்டும். எனக்கு இன்னா ஒட்டப் போவுது?"

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

"பின்ன இன்னாதான் கேக்கற?"

"அந்தக் கழியக் குடுங்க. அவன் ஒரு அடி அடிச்சான். நான் ஒரு அடி அடிக்கணும். பொழச்சா பொழைக்கட்டும், போனா போவட்டும்."

கூட்டம் கொதித்தது. "பொம்பள கையில கழியா?" என்று தெற்குக் குப்பத்துப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஆம்பள கையில குடுத்துதான் பாத்தாச்சே பெரியப்பா" என்றாய். அவர் உட்கார்ந்துவிட்டார். ஏழுமலையின் அம்மா உன் காலைப் பிடிக்க ஓடி வந்தாள். பெண்கள் அவளைப் பிடித்து இழுத்தார்கள். நான் தலைவரிடம் போய், இது காட்டுமிராண்டித்தனம், சட்டப்படி குற்றம் என்றேன். அவர் அலுப்போடு, "வாத்தியாரே, உன் சட்டத்துக்குத்தான் உன் அக்கா அலைன்னு சொல்லிட்டுதே" என்றார்.

ஏழுமலை தானே எழுந்தான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உன் முன்னால் முழங்காலிட்டான். "யக்கா, தலையில அடி" என்றான்.

"எங்க அடிக்கணும்னு நீ சொல்லாத."

கழியை யாரோ கடலில் கழுவிக் கொண்டுவந்திருந்தார்கள். நீ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதைத் தலைக்குமேல் தூக்கி, ஒரே வீச்சில் இறக்கினாய். அது அவன் தலையில் விழவில்லை. கழுத்தோரமாக இறங்கி வலது தோளில் விழுந்தது. எலும்பு உடைகிற சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது. அவன் முன்பக்கமாகச் சரிந்து மணலில் முகம் புதைந்து கிடந்தான். வாயிலிருந்து சத்தமே வரவில்லை. அவன் அம்மாதான் கத்தினாள். நீ அவனைத் திரும்பிப் பார்க்காமல் கழியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாய். அடுத்த நாள் அதைக் கொல்லையில் துணி காயப்போடக் கட்டியிருந்தாய்.

உன்னை ஊர் புகழ்ந்தது. பார்த்தியா, ஒரே அடி, கொன்னுருக்கலாம், தோளோட வுட்டுட்டா, அவ மனசு யாருக்கு வரும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, ஏன் தோளில் அடித்தாய் என்று உன்னிடமே கேட்டேன்.

"தலைக்குத்தான்டா ஓங்குனேன். கழி ஈரம். வழுக்கிடுச்சி" என்றாய்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த விஷயத்தில் உன்மேல் எனக்கு மரியாதை வந்த ஒரே இடம் அதுதான்.

தோள் எலும்பு கோணலாகக் கூடியது. ஏழுமலையால் வலை இழுக்க முடியவில்லை. கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டுக்கு ஒவ்வொரு போட்டும் கொஞ்சம் மீன் எடுத்து வைப்பது நம் ஊர் வழக்கம். செத்தவன் வீடானாலும் சரி, முடங்கியவன் வீடானாலும் சரி. ஆக, உன் வீட்டுக்கு ஒரு குவியல், அவன் வீட்டுக்கு ஒரு குவியல். மணலில் பக்கத்துப் பக்கத்தில். தெற்குக் குப்பமும் கொஞ்ச காலம் உனக்குப் பங்கு அனுப்பியது. நீயும் அவன் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் கூடையோடு வந்து நிற்பீர்கள். அவள் ஒருநாள் மீன் போதவில்லை என்று முனகினாளாம். "உம் புருஷனுக்குத் தோளுதானடி போச்சி? வாயி நல்லாத்தான இருக்குது? ஏலம் கூவச் சொல்லு" என்றாயாம். நீ குத்திக்காட்டத்தான் சொன்னாய். ஊர் அதை நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டது. பழைய ஏலக்காரருக்கு வயதாகிவிட்டிருந்தது. ஏழுமலை ஏலக்காரன் ஆனான்.

இதெல்லாம் நடந்து ஓராண்டு கழித்து நான் வந்தேன். கரையில் கவலை மீன் குவிந்து கிடந்தது. ஏழுமலை ஒரு தோள் இறங்கி நின்று கூவிக்கொண்டிருந்தான். நீ பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து விலை கேட்டாய். அவன் இன்னும் ஏற்று என்றான்.

"நீ சொல்ற வெல உன் தோள விட கோணலா இருக்குதேடா" என்றாய்.

கரையே சிரித்தது. ஏழுமலையும் சிரித்தான். "நீ நிமித்து வுடு யக்கா, எறக்கிக் குடுக்கறேன்" என்றான். நீயும் சிரித்தாய், அக்கா. வெற்றிலைக் காவிப் பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய்.

நான் கூட்டத்துக்குள் புகுந்தேன். அவன் சட்டையைப் பிடித்துத் தள்ளினேன். மீன்மேல் விழுந்தான். ஒரு கையால் எழ முடியாமல் அந்தக் கவலைக் குவியலில் வழுக்கிக்கொண்டிருந்தவனை உதைத்தேன். ஆட்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நீ எழுந்து வந்து, "ஏலத்தக் கெடுக்காத, போ" என்றாய். பேண்டெல்லாம் செதிலோடு பாகூர் பஸ்ஸில் ஏறினேன். உன் வீட்டுப் படியை இனிமேல் மிதிப்பதில்லை என்று அந்தப் பஸ்ஸில்தான் முடிவு செய்தேன். வருஷங்கள் போயின. செல்வி மட்டும் போன் செய்வாள். அவள் கல்யாணத்துக்குக்கூட வாசலில் நின்று மொய் எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

நடுவில் எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் மீனவச் சமூகத்தின் மீள்திறன் என்று பேசினார்கள். புயல் வந்தாலும் சண்டை வந்தாலும் சீக்கிரம் எழுந்து நிற்கிறார்களாம். பங்கிட்டுக்கொள்கிறார்களாம், பகையை மறக்கிறார்களாம். திரையில் ஏதோ ஒரு கரையில் பெண்கள் ஏலத்தில் சிரிக்கிற படம். நான் எழுந்து, "எழுந்து நிற்பது தெரிகிறது. யார்மேல் நிற்கிறார்கள் என்று பார்த்தீர்களா?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்கள்.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி என்று செல்வி அழுதாள். ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஜன்னலோரக் கட்டில். நீ பாதியாகியிருந்தாய். ஆப்பிள் வாங்கி வந்ததற்கு, "ஒரு வவ்வாலு மீனு வாங்கியாந்திருக்கலாம்" என்று திட்டினாய். இத்தனை வருஷம் பேசாதது நடுவில் இருந்ததாகவே நீ காட்டிக்கொள்ளவில்லை. நான்தான் தாங்க முடியாமல் கேட்டேன்.

"எப்படிக்கா அவனோட சிரிச்சே?"

நீ என்னைக் கட்டிலோரம் உட்காரச் சொன்னாய்.

"சிரிக்கலன்னா மீனு வாங்க முடியாதுடா. தெனம் அவன் மூஞ்சியில முழிக்கணும். கூட சொமக்கணும், பஸ்ஸு புடிக்கணும், பொண்ண வளக்கணும். கோவத்த நான் எங்க வெச்சிக்கறது? அன்னைக்கி நீ வந்து அவன ஒதச்சப்ப எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சி தெரியுமா? சரி, இவன் வெச்சிருக்கான், பத்திரமா இருக்குதுன்னு நெனச்சேன். அதான் உன்னத் தேடி நான் வரல. வந்து சமாதானம் பண்ணியிருந்தா நீ வுட்டுருப்ப."

நான் ஆப்பிள் பையைக் கட்டிலடியில் வைத்தேன்.

"வுட்டுடாதடா" என்றாய். "ஊரு வுட்டுடுச்சி. செல்விக்கு ஞாபகமில்ல. அவருக்காக யாராச்சும் ஒருத்தரு கோவமா இருக்கணும்."

ஆடியில் உன்னைத் தூக்கும்போது ஏழுமலை வந்தான். ஊர் வழிவிட்டது. பாடையின் ஒரு கொம்பை இடது தோளில் வாங்கிக்கொண்டான். கன்னமெல்லாம் கண்ணீர். எதிர்க் கொம்பு என் தோளில் இருந்தது. பாதி வழியில், "சார், வலிக்குதா, ஆள் மாத்திக்கலாமா?" என்று கேட்டான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டேனா என்று பார்த்தார்கள். செல்வியின் புருஷன், "மாமா, பேசிடுங்க மாமா" என்று காதோரம் சொன்னான்.

அக்கா, நான் பேசவில்லை. முன்னால் பார்த்து நடந்தேன். நல்ல மனிதர்கள் நிறைய பேர் அந்த ஊரில் இருக்கிறார்கள். மன்னிப்பது, பங்கு வைப்பது, போட்டைத் தள்ளுவது எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு நீ ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருக்கிறாய். செய்துகொண்டிருக்கிறேன்.

உன் தம்பி